ஆடையின்மையும் நாணமின்மையும்



இத்திங்கள் நான் எடுத்துக்கொண்டிருப்பது, நம் இல்லங்களில் கூடத்தில் அமர்ந்து பேசப்படாத ஒரு பொருள். தாய்மார் அடுக்களையில் தமக்குள் முணுமுணுப்பர். ஆடவர் நகைத்து ஒதுக்குவர். பிள்ளைகள் கேட்டுவிட்டாலோ, "வாயை மூடு" என்பதே விடையாகும். பேசாமல் விட்டதனால் இத்தீமை குறைந்ததாக எங்கும் கேள்விப்படவில்லை. ஆகவே, பெரியோர்களும் தாய்மார்களும் முகஞ்சுளிக்காமல் இதனை இறுதிவரை படித்தருள வேண்டுகிறேன்.

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் இல்லத்தரசியார் சென்ற மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகனுக்கு எட்டு வயது. அவர்கள் குடியிருக்கும் தெரு வழியே திகம்பரச் சமண முனிவர் ஒருவர் நடந்து வந்தார். ஊரார் நீர் தெளித்து வழியைத் தூய்மை செய்து வணங்கினர். இந்த அம்மையாரும் கைகூப்பினார். அடுத்த வாரம் பள்ளியிலிருந்து திரும்பும்போது, ரயில்வே கேட்டுக்கு அருகே ஒருவன் தன் உடையை விலக்கிக்கொண்டு இவர்களை நோக்கி நின்றான். அம்மையார் பிள்ளையை இழுத்துக்கொண்டு விரைந்தார். வீடு வந்ததும் பையன் கேட்டானாம்: "அம்மா, அன்றைக்குக் கும்பிடச் சொன்னாய், இன்றைக்கு ஓடச் சொன்னாய். இரண்டு பேரும் துணியில்லாமல்தானே இருந்தார்கள்?"

இதற்கு என்ன விடை கூறுவது என்பதே அம்மையாரின் வினா. நான் மருத்துவனும் அல்லன், உளநூல் வல்லவனும் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, புகைவண்டி நிலையத்தில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னே அமர்ந்திருப்பவன். எனினும், கற்றோர் எழுதியவற்றைப் படித்தும், நிலையத்தில் பலதரப்பட்ட மக்களைக் கண்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் ஆடையைப் பற்றிய எண்ணம் இடத்துக்கு இடம் எவ்வாறு வேறுபடுகிறது என்பதைக் காண்போம். இதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம்மவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே துண்டும் இன்றி, வாயிற்படியில் நின்று பல் துலக்குவர். எதிர்வீட்டு வடநாட்டு அம்மையார் அதைக் கண்டு சன்னலைச் சாத்துவார். அந்த வீட்டு மருமகள் மாமனார் முன் முக்காட்டை இழுத்து முகத்தை மறைப்பதைக் கண்டு நம் பெண்கள் வியப்பர். திருச்செந்தூர் போன்ற தலங்களில் ஆடவர் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே சந்நிதிக்குள் செல்ல வேண்டும். இன்னும் சில சமயத்தாரின் வழிபாட்டிடங்களிலோ தலையை மறைத்தே புக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தத்தம் வழக்கே இயற்கை. பிறர் வழக்கு விந்தை.

அயல்நாடுகளிலும் இதுவே நிலை. பின்லாந்தில் ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அங்கே சுமார் முப்பது இலட்சம் 'சவுனா' என்னும் வெந்நீராவி அறைகள் உண்டு என்பர். குடும்பத்தார் ஒருங்கே ஆடையின்றி அமர்ந்து வியர்வை சிந்துவது அந்நாட்டில் நெடுநாள் வழக்கு. அங்கே அமைதி காப்பர்; வீண் பேச்சும் குறும்பும் அவமதிப்பாகக் கருதப்படும். 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வழக்கத்தை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானில் வெந்நீர் ஊற்றுக்களில் ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே ஆடையின்றி நீராடுவர். முற்காலத்தில் இருபாலாரும் ஒரே குளத்தில் நீராடும் வழக்கம் அங்கே பரவியிருந்தது. 1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கிய பின், மேனாட்டார் தம்மை நாகரிகமற்றவர் என்று எண்ணிவிடுவரோ என்று அஞ்சி அரசினர் அதனைத் தடை செய்தனர். நீராடியவர் மனத்தில் அதுவரை இல்லாத நாணம், அயலான் கண் வழியே வந்து புகுந்தது.

நம் நாட்டுத் திகம்பர முனிவரைப் பற்றியும் அறிந்துகொள்வோம். 'திக்' என்றால் திசை. 'அம்பரம்' என்றால் ஆடை. திசைகளையே ஆடையாக உடையவர் என்பது பொருள். அவர் கையிலுள்ளவை மயிற்பீலியும் நீர்க்கமண்டலமும் மட்டுமே. நாளுக்கு ஒரு வேளை, நின்றபடியே, தம் இரு கைகளையே கலமாகக் கொண்டு உண்பார்; தலைமுடியைத் தம் கையாலேயே பறித்தெறிவார்; ஊர்தி ஏறாது கால்நடையாகவே செல்வார். உடைமை அனைத்தையும் துறந்தவர் உடையையும் ஓர் உடைமையென்று துறந்தார். கருநாடகத்துச் சிரவணபெளகொளாவில், கங்க மன்னரின் அமைச்சர் சாவுண்டராயர் கி.பி. 981 அளவில் நிறுவிய கோமடேசுவரர் சிலை ஏறத்தாழ 57 அடி உயரமுடையது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்குத் திருமுழுக்கு நிகழும். 2018இல் நடைபெற்றபோது குழந்தைகளும் மூதாட்டியரும் உட்பட இலட்சக்கணக்கானோர் கண்டு வணங்கினர். இஃது ஏதோ வடவர் சமயம் என்று நாம் ஒதுக்கவும் இயலாது. போளூருக்கு அருகே திருமலையில் 16 அடி உயரமுள்ள நேமிநாதர் உருவம் பாறையில் நிற்கிறது. நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் இன்றும் வாழ்கின்றனர்.

ஆடையின்மை வேறு பொருள்களையும் தரும். நம்மவர் மறக்கலாகாத ஒன்று தென்திருவிதாங்கூரில் நிகழ்ந்தது. இன்றைய குமரி மாவட்டப் பகுதியில், நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணியலாகாது என்ற கொடிய வழக்கு இருந்தது. மேற்சாதியினர் முன் திறந்த மார்புடன் நிற்பதே பணிவு எனப்பட்டது. அணிந்து வந்த பெண்களின் சீலைகள் சந்தையில் கிழித்தெறியப்பட்டன. பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னரே, 1859 ஜூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் அப்பெண்கள் மேலாடை அணிய இசைந்து அறிக்கை விடுத்தார். அப்பொழுதும் மேற்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்றொரு விலக்கு அதில் இருந்தது.

மற்றொன்று, 2004 ஜூலை 15ஆம் நாள் மணிப்பூரில் நிகழ்ந்தது. மனோரமா என்ற பெண் பாதுகாப்புப் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டுப் பின்னர்ப் பிணமாகக் கிடந்ததை எதிர்த்து, தாய்மார் பன்னிருவர் இம்பால் காங்லா கோட்டை வாயிலில் ஆடை களைந்து நின்று முழங்கினர். அவர்களுள் பேரப்பிள்ளை கண்டவர்களும் இருந்தனர். கண்டவர் தலைகுனிந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே அக்கோட்டையிலிருந்து படையினர் வெளியேறினர்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? துறவியின் உடலும், நீராடுவோன் உடலும், அவமதிக்கப்பட்டவள் உடலும், அறங்கேட்டு நின்ற தாயின் உடலும் ஆடையற்றவையே. ஆயினும் அவை ஒன்றல்ல. உச்சநீதிமன்றமும் இதனை ஒப்புக்கொண்டுள்ளது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஆடையின்றித் தோன்றிய படமொன்றை 1993இல் கல்கத்தா ஏடுகள் வெளியிட்டதன்மேல் எழுந்த வழக்கில், 2014இல் தீர்ப்பு வந்தது. நிறவெறிக்கு எதிராக எடுக்கப்பட்ட அப்படத்தை அதன் கருத்தோடு சேர்த்தே நோக்க வேண்டும். ஆடையின்மை மட்டுமே ஒன்றை ஆபாசமாக்கிவிடாது என்பது அதன் சாரம்.

அப்படியானால் ரயில்வே கேட்டருகே நின்றவன் யார்?

1877ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் சார்லஸ் லாசேக் என்பவர், இத்தகையோரைப் பற்றி முதன்முதலாக ஒரு கட்டுரை எழுதி, அவர்களுக்கு 'எக்ஸிபிஷனிஸ்ட்' என்ற பெயரையும் இட்டார். தன் மறைவுறுப்பை அறியாதார் முன் காட்டி நிற்பவன் என்பது பொருள். இத்தகையோன் சற்று எட்டியே நிற்பான், நெருங்கி வரமாட்டான், பெரும்பாலும் அதே இடத்தில் அதே வேளையில் மீண்டும் மீண்டும் வந்து நிற்பான் என்று அவர் குறித்துள்ளார். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் அக்குறிப்பு பொய்க்கவில்லை.

பின்வந்த உளநூலார் மேலும் ஆராய்ந்தனர். இப்பழக்கம் பெரும்பாலும் ஆடவரிடமே காணப்படுகிறது. இளமைப் பருவத்திலேயே தலைகாட்டுகிறது. காண்பவர் தன்னைக் கண்டு விரும்ப வேண்டும் என்று சிலர் எண்ணுவர். ஆனால் பலருக்கு வேண்டியது, காண்பவர் முகத்தில் தோன்றும் திடுக்கிடலே. வீட்டிலும் தொழிலிலும் தன்னைச் சிறியவனாக எண்ணிக் குமைபவன், ஒரு பெண்ணையோ குழந்தையையோ ஒரு கணம் அஞ்சவைத்து, அதனால் தன்னைப் பெரியவனாக உணர்கிறான் என்பர். உந்துதல் எழுகிறது, செய்து முடிக்கிறான், பிறகு வெட்கமும் அச்சமும் வாட்டுகின்றன, சில நாட்களில் மீண்டும் உந்துதல் எழுகிறது. குடிகாரனின் சபதம் போன்றதே இவன் சபதமும்.

இவர்கள் அனைவரும் தெருவில் திரியும் பித்தர்கள் என்று எண்ணுவதும் தவறு. வேலைக்குச் செல்வோரும், மனைவி மக்களோடு வாழ்வோரும், அண்டை அயலில் நல்லவர் எனப் பெயரெடுத்தோரும் இவர்களுள் உண்டு. சுவீடன் நாட்டில் 1996இல் 2,450 பேரிடம் எடுத்த கணக்கில், நூற்றுக்கு மூவர் அளவில், அறியாதார் முன் உடலைக் காட்டிக் கிளர்ச்சியுற்றது வாழ்வில் ஒருமுறையேனும் உண்டு என்று ஒப்புக்கொண்டனர்.

மருத்துவ உலகமும் இதில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2013இல் அமெரிக்க மனமருத்துவர் சங்கம் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, ஒருவனுக்கு அவ்வகை வேட்கை இருப்பதை மட்டுமே நோயென்று கூறுவதில்லை. ஆறு திங்களுக்குக் குறையாமல் அவ்வேட்கை நீடித்து, இசையாத ஒருவர்மேல் அதனைச் செயற்படுத்தினாலோ, அதனால் அவனே பெரிதும் துன்புற்றாலோ அது நோயாகிறது. 'இசையாத ஒருவர்' என்ற சொற்களே இதில் முதன்மையானவை. சவுனாவில் அமர்ந்தவர் இசைந்து அமர்ந்தார். முனிவரை வணங்குவோர் இசைந்து வணங்குகின்றனர். விரும்பாதார் விலகிச் செல்ல முனிவர் தடை சொல்வதில்லை. கேட்டருகே நின்றவனோ, நம் அனுமதியின்றி நம் கண்ணைத் தன் இன்பத்துக்குக் கருவியாக்கினான்.

ஆகவே, அந்த அம்மையார் தம் மகனுக்கு இவ்வாறு கூறலாம்: "கண்ணா, அந்தச் சாமியார் உனக்காக அப்படி நடக்கவில்லை, நீ பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவர் தம் வழியே போவார். இந்த ஆள் உன்னைப் பயமுறுத்தவே நின்றான். அதனால்தான் ஓடினோம். நீ ஒரு தப்பும் செய்யவில்லை." எட்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும்.

இக்கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாகாது. ஏன் என்பதற்கு ஒன்று சொல்வேன். பெயரும் ஊரும் வேண்டா. நம் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாள்தோறும் நடைமேம்பாலம் ஏறிப் பள்ளிக்குச் செல்பவள். ஒரு மாதம் அளவில் அவளுக்கு மாலைதோறும் தலைவலி வந்தது. பள்ளி செல்ல மறுத்தாள். தாய் கேட்டும் சொல்லவில்லை. இறுதியில் பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள்: பாலத்துப் படியின்கீழ் ஒருவன் தினமும் நிற்கிறான் என்று.

தந்தை கொதித்தார். ஆனால் அவர் கொதிப்பு சென்ற திசை விந்தையானது. "இனிமேல் இந்த ஊர்ப் படிப்பு வேண்டாம். ஊருக்கு அனுப்பிவிடுகிறேன், அத்தை வீட்டில் இருக்கட்டும். வரன் பார்க்கலாம்," என்றார். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு!

பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்டா, திருடன் வந்தால் திருடனைப் பிடிப்பாயா, வீட்டை இடிப்பாயா?"

தந்தை அன்றிரவு என்னைத் தேடி வந்தார். "ஐயா, நமக்கு இந்தி சரியாக வராது. புகார் என்று போனால் பெண்ணின் பெயர் நாறிவிடாதா?" என்று கேட்டார். மறுநாள் இருவரும் பாதுகாப்புப் படையினரின் அலுவலகத்துக்குச் சென்றோம். பெண்ணை அழைத்துச் செல்லவில்லை. இடமும் வேளையும் சொன்னோம். அவன் வழக்கம் தவறாதவனாகையால் சாதாரண உடையில் நின்ற காவலரிடம் மூன்றாம் நாளே பிடிபட்டான். தூய சட்டையும் கைக்கடிகாரமும் அணிந்த, அலுவலுக்குச் செல்லும் மனிதன் அவன். அந்தப் பெண் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இரு அச்சங்கள்: மொழி ஒன்று, மானம் மற்றொன்று. இரண்டுக்கும் சட்டம் ஓரளவு வழி செய்திருக்கிறது. 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத குழந்தை காணவேண்டும் என்ற தீய நோக்கத்தோடு உடலுறுப்பைக் காட்டுவது குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. குழந்தை காவல்நிலையம் செல்ல வேண்டுவதில்லை. அதன் இல்லத்திலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடையின்றி வந்து வாக்குமூலம் பெறவேண்டும். மொழி தெரியாதபோது மொழிபெயர்ப்பாளரை அமர்த்தவும் அச்சட்டத்தில் இடமுண்டு. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ செய்தியில் வெளியிடலாகாது.

வளர்ந்த பெண்களுக்கு நேர்ந்தால், 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவும், பொதுவிடத்து ஆபாசச் செயலைத் தண்டிக்கும் 296ஆம் பிரிவும் உள்ளன. புகைவண்டியிலோ நிலையத்திலோ நேர்ந்தால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145ஆம் பிரிவு அவனை இறக்கிவிடவும் தண்டிக்கவும் வழி தருகிறது. 139 என்ற எண்ணை அழைத்து, வண்டியின் எண்ணையும் பெட்டியின் எண்ணையும் கூறுங்கள். பெட்டியின் எண் தெரியாமல் அழைப்போர் பலர். ஏறும்போதே அதனைப் பார்த்து வைத்துக்கொள்வது நன்று. குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும் உண்டு.

அவன் முன் நின்று வாதிடவும் வேண்டா. அவன் விரும்புவது நம் அதிர்ச்சியையே. கண்ணைத் திருப்பிக்கொண்டு, ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு விரைந்து செல்வதே முறை. "எட்டித்தானே நிற்கிறான், தொடவில்லையே" என்று விட்டுவிடுவதும் கூடாது. பெரும்பாலோர் அவ்வளவோடு நிற்பினும், சிலர் மேலும் கொடிய செயலுக்குச் சென்றிருக்கின்றனர். எவன் நிற்பான், எவன் மேற்செல்வான் என்பதைத் தெருவில் நின்று நாம் கணிக்க இயலாது. இக்காலத்தில் இவர்கள் பாலத்தின்கீழ் நிற்காமல் கைபேசி வழியாகவும் படம் அனுப்புகின்றனர். இங்கிலாந்தில் 2024 ஜனவரி இறுதி முதல் அதனைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டனர். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குப் பயன்படும். அருவருப்பினால் உடனே அழித்துவிடாமல், சான்றாக வைத்துக்கொண்டு புகார் செய்ய வேண்டும்.

எல்லோரையும் ஒரே கோலால் அளக்கவும் கூடாது. மூன்று வயதுக் குழந்தை குளித்த ஈரத்தோடு ஆடையின்றிக் கூடத்தில் ஓடினால் அது நோயன்று, குற்றமும் அன்று. சிரித்து உடுத்திவிட்டால் போதும். ஊரிலிருந்து அழைத்து வந்து வைத்திருக்கும் முதிய தந்தையார் திடீரென வேட்டியை அவிழ்த்துவிட்டு வாயிலில் வந்து நின்றால், அவர்மேல் சினவாதீர்கள். மூளையின் முற்பகுதி தேய்வதனால் வரும் மறதிநோயில் இவ்வாறு நேரும்; அவர் எவரையும் அஞ்சவைக்க அதைச் செய்யவில்லை. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இறுக்கமில்லாத, எளிதில் அவிழாத உடை உடுத்துங்கள்.

நம் வீட்டு இளைஞன் ஒருவனிடமே அந்தத் தீய வேட்கை தென்பட்டால்? மறைக்கவும் வேண்டா, அடித்துத் துரத்தவும் வேண்டா. மனமருத்துவரிடம் காலத்தே அழைத்துச் செல்ல வேண்டும். உந்துதல் எழும் சூழலை அறிந்து விலகப் பழக்கும் பேச்சு மருத்துவமும், வேட்கையைத் தணிக்கும் மருந்துகளும் இன்று உள்ளன. திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பது நம்மவர் கைக்கொள்ளும் மருந்து. அதனால் கெடுவது மற்றொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வும் சேர்ந்தே.

திருக்குறளில் 'நாணுடைமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. வள்ளுவர் அங்கே பெரிதும் பேசுவது தகாத செயலுக்கு அஞ்சும் நாணத்தைப் பற்றியே. நாமோ பிள்ளைகளுக்கு உடலைப் பற்றிய வெட்கத்தை மட்டும் ஊட்டி, செயலைப் பற்றிய நாணத்தைக் கற்பிக்க மறந்துவிடுகிறோம். அதனால்தான் பாலத்தின்கீழ் நின்றவன் நாணாதிருக்க, படியேறிச் சென்ற பெண் நாணித் தலைவலியோடு படுத்துக்கொண்டாள்.

இவ்விதழைப் படித்து முடித்ததும், பெற்றோர் தம் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, "வழியில் யாராவது உன்னைச் சங்கடப்படுத்தினால் முதலில் எங்களிடம் சொல்; உன்னைத் திட்டமாட்டோம்; பள்ளியை நிறுத்தமாட்டோம்," என்று இரு வாக்கியங்கள் சொல்லிவையுங்கள். புகார் எழுத இந்தி தெரியாத குடும்பத்தார் எவராயினும், ஞாயிறு மாலை சங்க நூலகத்தில் என்னைக் காணலாம். எழுதித் தருவேன், உடனும் வருவேன்.

அடுத்த திங்கள், வேற்று மாநிலப் பள்ளியில் நம் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பைப் பற்றி எழுத எண்ணியுள்ளேன்.